மாடி ஓனருக்கு... பில் நமக்கு!

ஓசூர் மொட்டை மாடிகளில் ஒரு சூரிய ரவுண்டு

ஓசூர்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? காதலர் தினத்துக்குப் பிளேன் ஏறும் ரோஜாப்பூ? டி.வி.எஸ். வண்டி? டைட்டன் வாட்ச்? டிசம்பர் காலையில் பல்லு தந்தியடிக்கும் குளிர்? எல்லாம் சரி. ஆனா சூரியன் ஞாபகம் வருமா? வராது. 'லிட்டில் இங்கிலாந்து'ன்னு பேர் வாங்கின ஏரியா இது. வெயில்னா வேலூர், சோலார்னா ராமநாதபுரம் கமுதின்னு நம்ம மனசுல ஒரு மேப் ஏற்கெனவே வரைஞ்சு வெச்சிருக்கோம்.

அந்த மேப்பைக் கொஞ்சம் அழிச்சு வரைய வேண்டியிருக்கு நண்பர்களே. வீட்டுக் கூரையில் கரன்ட் எடுக்க ஓசூர் ரொம்ப நல்ல ஊர். ஆனா அந்த கரன்ட் யாருக்குப் போய்ச் சேரும்ங்கிறதுலதான் ஒரு பெரிய சிக்கல் உட்கார்ந்திருக்கு. வாங்க, ஊரைச் சுத்திக்கிட்டே பேசலாம்.

மலை மேலிருந்து ஒரு பார்வை

ஓசூருக்கு வந்ததும் முதலில் ஏற வேண்டிய இடம் சந்திரசூடேஸ்வரர் மலைக்கோயில். ஊரின் அடையாளமே இந்த மலைதான். தலையில் பிறை சூடியவர் கோயில் வாசலில் நின்னு சூரியனைப் பத்திப் பேசுறது கொஞ்சம் குறும்புதான். என்ன செய்ய, மொட்டை மாடிகளைப் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது.

கீழே ராமநாயக்கன் ஏரி. அதைச் சுத்திப் பழைய ஓசூர். தள்ளிப் பார்த்தால் சிப்காட் ஷெட்டுகளின் தகரக் கூரைகள். அதற்கும் அப்பால் பெங்களூருவை நோக்கி ஓடும் தேசிய நெடுஞ்சாலை. 1970-களில் சிப்காட் வந்தது. 1980-ல் டி.வி.எஸ். 50 மொபெட் இங்கிருந்து ரோட்டுக்கு வந்தது. அப்புறம் அசோக் லேலண்ட், டைட்டன் என்று வரிசை கட்டி, இப்போ எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வரைக்கும் வந்தாச்சு. ஏத்தர் கம்பெனி ஓசூரிலும், ஓலா போச்சம்பள்ளியிலும் 2021-ல் ஆலை தொடங்கின. 2019-ல் ஓசூர் மாநகராட்சியும் ஆயிடுச்சு.

கம்பெனி வந்தால் ஆள் வருவாங்க. ஆள் வந்தால் வீடு வேணும். தர்மபுரி, திருவண்ணாமலை, சேலத்துப் பசங்க ஒரு பக்கம், பீகார், ஒடிசாவிலிருந்து வந்தவங்க இன்னொரு பக்கம். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூணும் ஏற்கெனவே ஒரே டீக்கடையில் ஓடிக்கிட்டிருந்த ஊரில், இப்போ இந்தியும் கேட்குது. இவங்களுக்காக எழும்பினதுதான் நீங்க மலை மேலிருந்து பார்க்கிற அந்த மாடி வீடுகளும் லைன் வீடுகளும்.

அந்த மாடிகளைக் கவனிச்சுப் பாருங்க. கறுப்பு வாட்டர் டேங்க், கேபிள் டி.வி. ஒயர், காயப் போட்ட யூனிபாரம், பூந்தொட்டி. அங்கங்கே சாய்வாக ஒரு கண்ணாடிக் குழாய் வரிசையும் மேலே ஒரு உருளையும். அதுதான் சோலார் வாட்டர் ஹீட்டர். நீலமும் கறுப்புமாக மின்னும் சோலார் பேனல்? தேடித்தான் பிடிக்கணும்.

குளிர் ஊர்ல சோலாரா?

"அண்ணே, இங்க வெயிலே அடிக்காது, சோலார் எல்லாம் வேலைக்காகாது" என்கிற டயலாக்கை இந்தப் பக்கம் நிறையக் கேட்கலாம். பிசிக்ஸ் படிச்சவங்க இதைக் கேட்டுட்டுச் சும்மா இருக்கக் கூடாது.

சோலார் பேனலுக்கு வேண்டியது வெளிச்சம். வெப்பம் அதுக்கு வேண்டாத விருந்தாளி. சிலிக்கான் செல்லின் திறனை 25 டிகிரி செல்சியஸில்தான் அளக்கிறாங்க. அதுக்கு மேல ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.3 முதல் 0.4 சதவிகிதம் வரை உற்பத்தி இறங்கும். நல்ல வெயிலில் பேனல், சுத்தியிருக்கிற காத்தைவிட 25, 30 டிகிரி கூடுதலாகச் சூடாகும். சென்னையில் மே மாசம் 40 டிகிரின்னா மாடியில் இருக்கிற பேனல் 65-ஐத் தாண்டி வறுபடும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஓசூரில் அந்தச் சூடு சில டிகிரி குறைவு.

இதனால் கிடைக்கிற லாபம் ஒண்ணு, ரெண்டு சதவிகிதம்தான். ரொம்ப அலட்டிக்க வேணாம். ஆனா 'குளிர் ஊருக்கு சோலார் ஆகாது' என்கிற பேச்சு அடிபட்டுப் போச்சு இல்லையா? அதோட, கடலோர ஊர்களில் உப்புக் காத்து இரும்புச் சட்டங்களையும் நட்டு போல்ட்டுகளையும் தின்னும். 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னை மாடிகளை என்ன பாடு படுத்துச்சுன்னு தெரியும். ஓசூருக்கு உப்பும் இல்லை, அந்த மாதிரிப் புயலும் இல்லை.

குறை இல்லாமலா? இருக்கு. ஜூன் முதல் செப்டம்பர் வரை மேகம் மூடும். டிசம்பர், ஜனவரியில் காலை மூடுபனி. அப்போ உற்பத்தி இறங்கும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை அதை ஈடு கட்டிடும். லாரிப் புழுதியும் ஒரு தொல்லை, மாசம் ரெண்டு வாட்டி தண்ணி ஊத்திக் கழுவணும். எல்லாம் சேர்த்து வருஷ சராசரி பார்த்தால், ஒரு கிலோவாட் பேனல் ஒரு நாளைக்கு சுமார் 4 யூனிட் தரும். இடம்? நிழல் விழாத 100 சதுர அடி. கட்டில் போட்டுப் படுக்கிற ஒரு சின்ன ரூம் அளவுதான்.

அத்திப்பள்ளி தாண்டினால்...

ஜூஜுவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி. போர்டு எல்லாம் கன்னடத்துக்கு மாறும். ஈ.பி. கதையும் மாறும்.

சோலார் வாட்டர் ஹீட்டருக்கு இந்தியாவிலேயே பேர் போன ஊர் பெங்களூரு. காலையில் வெந்நீர் இல்லாமல் குளிக்க முடியாத குளிர், அதோட அரசாங்கத்தின் தள்ளு. 2007 முதல் குறிப்பிட்ட அளவுக்கு மேல் இருக்கிற புது வீடுகளுக்கு ஹீட்டர் கட்டாயம். ஹீட்டர் வெச்சால் யூனிட்டுக்கு 50 பைசா, மாசம் 50 ரூபாய் வரை பில்லில் தள்ளுபடியும் கொடுத்தாங்க. ஓசூர் மாடிகளில் நீங்க பார்க்கிற ஹீட்டர்கள் அதே குளிரின் பிள்ளைகள்.

பக்கத்து ஊர் தந்த இன்னொரு பாடம் செல்கோ. 1995-ல் ஹரீஷ் ஹண்டே பெங்களூருவில் தொடங்கிய நிறுவனம். ஏழை வீடுகளுக்கும் தெருவோரக் கடைகளுக்கும் சோலார் விளக்கைத் தவணையில் கொண்டுபோய்ச் சேர்த்தாங்க. வங்கிக் கடன், சர்வீஸுக்கு ஆள், வருமானத்துக்கு ஏத்த தவணை என மூணையும் ஒண்ணாக் கட்டினதுதான் அவங்க வித்தை. 2011-ல் ஹண்டேவுக்கு மகசேசே விருது கிடைச்சது. பேனல் யார்கிட்டயும் கிடைக்கும், அதை ஏழைகிட்ட சேர்க்கிற வழிதான் கஷ்டம் என்று புரிய வெச்சவங்க அவங்க.

தமிழ்நாடும் அதே 2011-ல் ஒரு முயற்சி பண்ணுச்சு. முதலமைச்சரின் சோலார் பசுமை வீடுகள் திட்டம். 300 சதுர அடியில் கான்கிரீட் வீடு, கூடவே சோலார் விளக்குகள். கிருஷ்ணகிரி உட்பட மாநிலம் முழுக்கக் கிராமங்களில் இந்த வீடுகளைப் பார்க்கலாம். கூரையில் சின்ன பேனல், உள்ளே பேட்டரி. பேட்டரின்னா சில வருஷத்துக்கு ஒரு முறை மாத்தணும். அந்தச் செலவுதான் இந்த மாதிரித் திட்டங்களின் தலைவலி.

அடுத்த வருஷம் 2012. உங்க அண்ணன், அக்காவைக் கேளுங்க. பரீட்சைக்கு மெழுகுவத்தி வெளிச்சத்தில் படிச்ச கதை சொல்லுவாங்க. சில மாவட்டங்களில் நாளுக்கு 12, 16 மணி நேரம்கூட கரன்ட் கட். சிப்காட்டின் சின்னப் பட்டறைகள் டீசல் ஜெனரேட்டரில் மூச்சு வாங்கிச்சு. அந்த அக்டோபரில்தான் தமிழ்நாடு சூரியசக்தி கொள்கை வந்தது. 2015-க்குள் 3,000 மெகாவாட் என்று இலக்கு. இலக்கு எட்டல. ஆனா 'சோலார்' என்கிற வார்த்தை வீட்டுக்குள்ள வந்தது அப்போதான்.

ஈ.பி.யும் நாமும் கொடுக்கல் வாங்கல்

இன்னிக்கு வீட்டு சோலாரில் பேட்டரி பெரும்பாலும் கிடையாது. பகலில் நம்ம மாடி தயாரிக்கிற கரன்ட்டில் வீட்டுக்குப் போக மிச்சம் ஈ.பி. லைனுக்குப் போகும். ராத்திரி அங்கிருந்து திரும்பி வரும். ரெண்டு பக்கமும் கணக்கு எழுதுற மீட்டர் ஒண்ணு. கொடுத்ததைக் கழிச்சு, மிச்சத்துக்கு மட்டும் பில். இதுக்குப் பேர்தான் நெட் மீட்டரிங்.

ஒரு விஷயம் பலருக்கு ஷாக் கொடுக்கும். கரன்ட் போனால், உச்சி வெயிலிலும் இந்த சோலார் வேலை செய்யாது! காரணம் நியாயமானது. லைன்ல கரன்ட் இல்லைன்னு நம்பி கம்பத்தில் ஏறுகிற லைன்மேன் மேல, நம்ம மாடி கரன்ட் பாயக் கூடாது. அதனால் இன்வெர்ட்டர் தானாகவே வாயை மூடிக்கும். கரன்ட் கட்டுக்கும் தாங்கணும்னா பேட்டரி சேர்ந்த ஹைபிரிட் வகை வாங்கணும். செலவு எகிறும்.

2024 பிப்ரவரியில் மத்திய அரசு பி.எம். சூர்ய கர் திட்டத்தைத் தொடங்கிச்சு. ஒரு கோடி வீடுகள் என்பது இலக்கு. ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், ரெண்டுக்கு 60,000, மூணும் அதுக்கு மேலும் 78,000 ரூபாய் மானியம் என்று அறிவிச்சாங்க. இந்தியாவிலேயே தயாரான செல், பேனல் போட்டால்தான் மானியம்.

மூணு வீடு, மூணு கணக்கு

இப்போ பேப்பர், பேனா எடுங்க. 2024 ஜூலையில் அறிவிச்ச மின்கட்டணத்தை வெச்சு, ரெண்டு மாசத்துக்கு ஒரு பில் என்ற கணக்கில் மூணு வீட்டைப் பார்ப்போம். மீட்டர் வாடகை, நெட்வொர்க் கட்டணம் மாதிரி சில்லறைகளைச் சேர்க்கலை.

முதல் வீடு: சின்னக் குடும்பம். 300 யூனிட். முதல் 100 இலவசம் போக, பில் சுமார் 700 ரூபாய். ஒரு கிலோவாட் போட்டால் பில் கிட்டத்தட்ட பூஜ்யம். ஆனா மானியம் போகக் கையிலிருந்து போடுற 40,000 ரூபாய் திரும்ப வர பத்து வருஷம் ஆகும். "சரி, பார்க்கலாம்" ரகம்.

ரெண்டாவது வீடு: ஏ.சி., வாஷிங்மெஷின் இருக்கிற வீடு. 600 யூனிட். பில் 3,000 ரூபாய்க்குப் பக்கம். ரெண்டு கிலோவாட் பேனல் ரெண்டு மாசத்தில் சுமார் 480 யூனிட் தரும். மிச்சம் 120. பில் 50 ரூபாய்! மானியம் போக 80,000 ரூபாய் செலவுன்னா அஞ்சு வருஷத்துக்குள்ள எடுத்துடலாம். பேனலுக்கு 25 வருஷ உத்தரவாதம் இருக்கு.

மூணாவது வீடுதான் ஓசூரின் ஸ்பெஷல். எட்டு அறை லைன் வீடு. எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே ஈ.பி. மீட்டர், அறைக்கு ஒரு சப்-மீட்டர். அறைக்கு 150 யூனிட் வீதம் 1,200 யூனிட். தனித்தனி மீட்டர் இருந்திருந்தால் ஒவ்வொருத்தருக்கும் 100 யூனிட் இலவசம் போக நூறு ரூபாய்ச் சொச்சம்தான் வரும். ஒண்ணாச் சேர்த்ததால் ஸ்லாப் ஏறி ஏறி, கடைசி யூனிட்டுகள் 11 ரூபாய்க்கு மேல போயிடும். மொத்த பில் 9,000 ரூபாயைத் தாண்டும். ஓனர் யூனிட்டுக்கு 9 ரூபாய்னு வசூலிச்சால் அறைக்கு 1,350 ரூபாய்.

இந்த மாடியில் 3 கிலோவாட் போடுறோம்னு வெச்சுக்குங்க. ஆறு பேனல், 300 சதுர அடி. ரெண்டு மாசத்தில் 720 யூனிட். மிச்சம் 480. ஸ்லாப் சடசடன்னு இறங்கி, பில் 1,700 ரூபாய்க்குள்ள அடங்கிடும். ரெண்டு மாசத்துக்கு ஒருமுறை ஏழாயிரத்து ஐநூறு ரூபாய் மிச்சம்! ரெண்டு லட்ச ரூபாய்ச் செலவில் 78,000 மானியம் போக மிச்ச 1,22,000 ரூபாய் மூணு வருஷத்துக்குள்ள திரும்பிடும்.

பார்த்தீங்களா? பங்களா வீட்டைவிட வேகமாகப் பணம் திரும்புறது லைன் வீட்டு மாடியில். ஆனா பேனல் தேடினால் அங்கதான் கிடைக்காது. ஏன்?

யார் மாடி? யார் பில்?

ஏன்னா, பில் கட்டுறவருக்கு மாடி இல்லை. மாடி வெச்சிருக்கிறவர் பில்லை அறைகளுக்குப் பிரிச்சுக் கொடுத்துடறார். செலவு பண்ண வேண்டியவருக்கு வலி இல்லை, வலி இருக்கிறவருக்கு ஆணி அடிக்கக்கூட உரிமை இல்லை. ஈ.பி. கனெக்‌ஷனும் பெரும்பாலும் ஓனர் பேரில்தான், அதனால் மானியமும் அவர் பேரில்தான். வாடகை வீட்டில் இருக்கிற ஒரு ஐ.டி.ஐ. அப்ரன்டிஸுக்கு இந்தத் திட்டத்தில் கதவே கிடையாது.

ஓனர் பேனல் போட்டால் மட்டும் போதுமா? பில் 9,000-லிருந்து 1,700-க்கு இறங்கின பிறகும் அறைக்கு அதே 9 ரூபாய்னு வசூலிச்சால், சூரியன் ஓனருக்கு மட்டும்தான் உதிச்சிருக்கார்னு அர்த்தம். யூனிட்டுக்கு 2 ரூபாய் குறைச்சுக்கிட்டால்? ஒவ்வொரு அறைக்கும் பில்லுக்கு 300 ரூபாய் மிச்சம். ஓனரின் முதலும் நாலே வருஷத்தில் திரும்பிடும். மீதி இருபது வருஷம் ரெண்டு பேருக்கும் லாபம். இதுக்குப் பெரிய சட்டம் எதுவும் வேணாம். 2019-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்கணும். அந்த ஒப்பந்தத்தில் 'சோலார் போட்டால் யூனிட் விலை இவ்வளவு' என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

தனித்தனி மீட்டர் இருக்கிற அடுக்குமாடிக்கு வேற வழி. ஒரு மாடியில் வரும் கரன்ட்டைப் பல மீட்டர்களுக்குப் பங்கு போடுகிற 'விர்ச்சுவல் நெட் மீட்டரிங்' முறைக்கு டெல்லி 2019-லேயே விதிமுறை வகுத்துடுச்சு. ஜெர்மனியில் வாடகைக்காரங்க பால்கனிக் கம்பியில் ரெண்டு பேனலைத் தொங்கவிட்டு, சுவர் பிளக்கில் சொருகிடறாங்க. 2024-ல் ஓனர் சும்மா மறுக்க முடியாதபடி சட்டமே மாத்தினாங்க. 2025-ல் பதிவான பால்கனி சோலார்களின் எண்ணிக்கை பத்து லட்சத்தைத் தாண்டிடுச்சு. அங்கே வெயில் நம்ம ஊரைவிட ரொம்பக் கம்மி!

எல்லைக்கு அந்தப் பக்கம் இன்னொரு வேடிக்கை. 2023-ல் கர்நாடகா கிருஹ ஜோதி திட்டத்தில் வீடுகளுக்கு மாசம் 200 யூனிட் வரை இலவசம் கொடுத்தது, வாடகைக்காரங்களுக்கும் சேர்த்து. பில்லே வராத வீட்டில் யார் சோலார் போடுவாங்க? ஏழை வீட்டுக்கு இலவச கரன்ட் வேண்டியதுதான். ஆனா அந்த கரன்ட் எங்கிருந்து வருது, அரசாங்கம் அதுக்கு எவ்வளவு கொடுக்குது என்பதையும் யோசிக்கணும். வருஷா வருஷம் இலவசத்துக்குப் போகிற பணத்தில் ஒரு பகுதி கூரையில் பேனலாக உட்கார்ந்தால், 25 வருஷத்துக்கு அது தானாகவே கொடுத்துக்கிட்டிருக்கும்.

நம்ம வேலை என்ன?

2011-ல் டைட்டன் ஒளியில் ஓடுகிற கைக்கடிகாரத்தையே விற்பனைக்குக் கொண்டு வந்தது. பேட்டரி தயாரிக்கிற எக்ஸைடு ஆலையும் ஓசூரில் இருக்கு. எலெக்ட்ரிக் வண்டி இங்கே இருக்கு, ஒயரிங் தெரிஞ்ச கைகள் தெருவுக்கு நாலு இருக்கு. இந்த ஊருக்கு டெக்னாலஜி பஞ்சமில்லை. மாடிக்கும் மீட்டருக்கும் நடுவுல ஒரு பாலம்தான் வேணும்.

அந்தப் பாலம் போட நம்மளைவிட நல்ல ஆள் யார்? ஓசூர், கிருஷ்ணகிரிக் கல்லூரிகளின் என்.எஸ்.எஸ். மாணவர்கள் ஒரு வார்டை எடுத்துக்கலாம். எத்தனை மாடி, எத்தனை சதுர அடி நிழல் இல்லாத இடம், ஒரே மீட்டரா, தனி மீட்டரா, பில் எவ்வளவு என்று நாலே கேள்வி. மேலே போட்ட மூணாவது கணக்கை ஒரு தாளில் எழுதி ஓனர் கையில் கொடுத்தால், அவரே கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுப்பார். அந்தத் தாளிலேயே வாடகைக்காரர் பங்கையும் எழுதிடுங்க. முதல் நாளே பேசிட்டால் பிறகு சண்டை இல்லை.

வேலை தேடுறவங்களுக்கும் இதில் வழி இருக்கு. 2015-ல் மத்திய அரசு தொடங்கிய 'சூர்யமித்ரா' பயிற்சி ஐ.டி.ஐ., டிப்ளமோ முடிச்சவங்களுக்காக வந்தது. பேனல் பொருத்தவும் பழுது பார்க்கவும் மூணு மாசத்தில் கத்துக் கொடுப்பாங்க. மாடி இருக்கிற வரைக்கும் இந்த வேலைக்கு லே-ஆஃப் கிடையாது.

அடுத்த முறை வாடகைக்கு வீடு பார்க்கப் போறப்ப, "தண்ணி வருமா, பைக் நிறுத்த இடம் இருக்கா"ன்னு கேட்கிறதோட நிறுத்தாதீங்க. "மாடியில வெயில் எப்படிங்க?"ன்னும் ஒரு கேள்வி கேட்டு வைங்க. ஓனர் முதலில் ஒரு மாதிரிதான் பார்ப்பார். பரவாயில்லை, கேளுங்க.

கிளம்புறதுக்கு முன்னால...

• பெங்களூரு மெஜஸ்டிக்கிலிருந்து ஓசூர் சுமார் 40 கி.மீ. பெங்களூரு-சேலம் ரயில் பாதையிலும் ஓசூர் வரும். 2025 ஆகஸ்டில் திறந்த மெட்ரோ மஞ்சள் லைனில் பொம்மசந்திரா வரை வந்து பஸ் பிடிக்கலாம்.

• மலைக்கோயிலுக்குக் காலையில் ஏறுங்க. ராஜாஜி பிறந்த தொரப்பள்ளியும் பக்கம்தான், ஒரு எட்டு பார்த்துட்டு வாங்க.

• பேனல் தெற்கு பார்த்து, சுமார் 12, 13 டிகிரி சாய்வில் இருக்கணும். அது ஓசூரின் அட்சரேகை!

• டேங்க் நிழல், பக்கத்து வீட்டுச் சுவர் நிழல் மூணும் பாருங்க: காலை, மதியம், சாயந்திரம். ஒரு பேனலில் நிழல் விழுந்தால் வரிசையே சோர்ந்து போகலாம்.

• கட்டணமும் மானியமும் மாறிக்கிட்டே இருக்கும். கையெழுத்துப் போடும் முன்னால் அன்றைய கணக்கை ஈ.பி. ஆபீசில் கேட்டுக்குங்க.